மீன்தோல் பசை பூசிய தாடை

ஜூன் 3
காலையில் மருமகள் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரையில் ஒரு மாட்டுத் தாடை. இடது பக்கம், மூன்றாம் கடைவாய்ப்பல் உள்ளே சாய்ந்தது. முப்பத்தொரு வருஷம் முன்னால் இந்தக் கையால் கழுவிய தாடை. இதனால்தான் என் வேலை போனது. மறப்பேனா?

ஜூன் 4
கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன். எலும்பில் கந்தகம் இருக்கிறதாம். அதில் கனமானது, லேசானது என்று வகை உண்டாம். கடல்காற்று படுகிற புல்லைத் தின்ற மாட்டுக்குக் கனமானது கூடுமாம். ஆற்றங்கரை அகழாய்வுக் குழியில் கிடைத்த மாடுகள் எல்லாம் உள்நாட்டுப் புல் தின்றவை. இந்த ஒன்று மட்டும் கடலோரம் மேய்ந்ததாகக் காட்டுகிறதாம். அந்தக் காலத்தில் கடற்கரையிலிருந்து மாடு ஓட்டி வந்தார்கள் என்று இருபத்தினாலாம் தேதி ஆய்வுக் கூட்ட மேடையில் சொல்லப் போகிறாள். ஒரு தாடையை வைத்து ஒரு ஜனத்தையே நடக்கவிடுகிறாள்.

"அதுல பசை இருக்கு" என்றேன்.
"கழுவி உலர்த்தியதுன்னுதான் ரிஜிஸ்டர்ல இருக்கு அத்தை."
"எழுதினது யாரு? அந்தக் கண்ணாடி போட்ட ஆபீசர்தானே?"
அவள் லேப்டாப்பை மூடினாள்.

ஜூன் 5
நடந்தது இது, இப்போது மருமகள் வேலை பார்க்கும் அதே அருங்காட்சியகத்தில். எலும்பு அறையில் கண்ணாடிக்காரர் அதிகாரி, நான் எலும்பு கழுவுகிறவள். தாடையைக் கீழே போட்டது அவர். என்னைப் பசை காய்ச்சச் சொன்னார். கீறல் தெரியாமல் ஒட்டி, மேலேயும் பூசினார். மேலாளர் வந்தபோது நான் உள்ளதைச் சொன்னேன். மேலாளரும் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "படிக்காத பொம்பளை, ஏதோ உளறுது சார்" என்றார் கண்ணாடிக்காரர். பொய் சொன்னதாக என்னை வெளியே அனுப்பினார்கள்.

நான் படித்தது மூணாங்கிளாஸ்தான். ஆனால் பொய்?

மருமகள் மேலும் ஒரு கோபம் உண்டு. கல்யாணமான புதிதில் தோழிகளிடம் சொன்னாள்: "எங்க அத்தை எலும்பு கழுவிட்டு இருந்தவங்க, அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதான் இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 6
மருமகள் சாம்பார் வைத்தாள். உப்புக் குறைச்சல் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 9
வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.
"அத்தை, அது என்ன பசை? மாட்டுத்தோலா?"
"மீன்தோல். கடல் மீனு. மார்க்கெட்ல வாங்கி நானே காய்ச்சினேன். வீடு வரைக்கும் நாத்தம்."
அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பசையும் எலும்புச் சாரமும் ஒரே இனமாம், சோதனையில் தனித்தனியாகத் தெரியாதாம். அப்படியானால் கடல் வந்தது மீனிலிருந்து.
"நிரூபிக்கணுமே அத்தை."
"வலது பாதி இருக்கு. அது உடையல, பசை படல. அதுலயும் அதே பல்லு சாஞ்சிருக்கும். தாடைங்களோட தேடாதே. ஜன்னல் பக்கத்து அலமாரி, கீழ் டிராயர், கொம்புங்களோட கிடக்கும்."

ஜூன் 10
கிடந்தது.

ஜூன் 19
வலது பாதியும் மற்ற மாடுகளைப் போலவே. உள்நாட்டுப் புல். நான் சொன்னது நிஜம்.
ஆனால் அவள் முகம் வாடியிருந்தது. நாலு மாச வேலை, என் ஒரு வார்த்தையில் போயிற்று. காபி கலந்து கொடுத்தேன். "மேடையில சொன்னப்புறம் தெரிஞ்சிருந்தா என் மானமே போயிருக்கும் அத்தை" என்றாள். அதுவும் சரிதான்.

ஜூன் 24
மகன் என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனான். கடைசி வரிசை. மாடு நடந்து வந்த கதையை அவள் சொல்லவில்லை, தாடை ஏமாற்றிய கதையைச் சொன்னாள். "இதைப் பிடிச்சது எங்க அத்தை. எலும்பு கழுவினவங்க" என்றாள். அதோடு நிறுத்தினாள். கவனித்துக் கேட்டேன். அந்த அவ்வளவுதான் வரவில்லை.

கண்ணாடிக்காரருக்கு உடம்பு முடியவில்லையாம். சீக்கிரம் குணமாகட்டும். கண் தெளிவாக இருக்கும்போதே அவள் சொன்னதை அவர் படிக்க வேண்டும்.

ஜூலை 1
எலும்பு அறைக்குப் போனேன். கதவு அதேதான். பழைய ரிஜிஸ்டரில் எழுதியிருப்பதை அடிக்கக் கூடாதாம், கீழே சேர்க்கலாமாம். மருமகள் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இதுமாதிரி இன்னும் எத்தனை ஒட்டினார் அத்தை?"
"பதினேழு. எல்லாம் சொல்றேன், இரு."

எழுதினேன்: அதிகாரி கை தவறி விழுந்து உடைந்தது. மீன்தோல் பசையால் ஒட்டினார். பசை காய்ச்சியது நான். கையெழுத்துக்கு இடம் போதவில்லை, ஓரத்தில் போட்டேன்.

பிறகு அடுத்த டிராயரைத் திறக்கச் சொன்னேன்.