எலிக்குப் போகாத பால்பல்

ஓவார்,
ஏப்ரல் 14

என் தங்கம் இல்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், பூனைகூட எங்களைவிடச் சௌக்கியம். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் ஐந்து மாதமாக உன் வயிற்றில் குடியிருக்கும் குட்டியும் நலம்தானே? முக்கியமாக உன் வாய் நலமா? இதைப் போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், எனக்கும் சொல்ல நா எழாது, அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ சொன்னாயே, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, பயந்து அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டேன் என்று. நான் என்ன சொன்னேன்? பெரிய வைத்தியச்சி மாதிரி, ஒவ்வொரு பிள்ளையும் அம்மாவிடம் ஒரு பல்லை வாங்கிக்கொண்டுதான் வரும், நீ வாங்கினாய், உன் குட்டியும் வாங்கும், பொறுத்துக்கொள் என்றேன். இல்கா, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேள், எப்படி என்று.

திங்கட்கிழமை விடுதியில் வழக்கம்போல வியன்னாக்காரர்களுக்குச் சூப்பை வடிகட்டிக்கொண்டிருந்தேன், எல்லை தாண்டி வந்து இங்கே மலிவாகப் பல் பிடுங்கிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் பாவம். அவர்களில் ஒருவரைப் பார்க்க உன் பள்ளிக்கூடத் தோழி ஓர்ஷி வந்தாள், இப்போது பல் டாக்டர் ஓர்ஷி. நான் பெருமையாக உன் சேதியைச் சொன்னேன், பல் விஷயத்தையும் சொன்னேன். நான் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, பொறக்காத புள்ளைக்கு உங்க பல்லு எதுக்கு, கொட்டை உடைக்கவா? வாயத் தொறங்க பாப்போம்" என்றாள். எனக்கென்ன, கல்லையும் கடிப்பேன் என்றேன். பக்கத்தில் நின்ற அப்பா சும்மா இருப்பாரா? "இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா பல் டாக்டர் மேலதான் விழணும், பல்லு விழுந்து இருபத்திரெண்டு வருஷமா இவ ஒருத்தர் மேலயும் விழாம சாமர்த்தியமா நடந்திருக்கா" என்றார் எல்லார் முன்னாலும். ரோஷம் வந்துவிட்டது, அவள் கிளினிக்குக்கே போய் அந்தப் பல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாற்காலி சாய்ந்ததும் ரோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை, ஓர்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவள் பொறுமையாகப் பார்த்தாள். ஈறுக்கடியில் காரை கல்லாகப் படிந்திருந்ததாம், அதைச் சுரண்டி எடுத்தாள். பல் விழுந்த ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லும் லேசாக ஆடுகிறதாம், இப்போதாவது வந்தீர்களே, காப்பாற்றிவிடலாம் என்றாள். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டாள், "அத்தை, இல்கா வயித்துல இருந்தப்ப ஈறுல ரத்தம் வந்துச்சா? அப்ப தேய்க்கறத விட்டுட்டீங்களா?" விட்டேன்தான். சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்துக் கொப்பளித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பிரஷ்ஷே படாமல், நீ பிறந்த பிறகும் அப்படியே விட்டேன். மூன்று வருஷம் கழித்துப் பல் ஆடி விழுந்தது. பல்லை நீ வாங்கவில்லை கண்ணு, என் அசட்டுத்தனம்தான் வாங்கியது.

கர்ப்பத்தில் ஈறு சட்டென்று வீங்கிக்கொள்ளுமாம், ரத்தம் வரும் இடத்தைத்தான் இன்னும் ஒழுங்காகத் தேய்க்க வேண்டுமாம், மிருதுவான பிரஷ்ஷால், ஈறு ஓரமாக, காலையும் படுக்கப்போகும்போதும் இரண்டிரண்டு நிமிஷம். அப்பா இப்போது முட்டை வேகவைக்கும் மணிக் கடிகாரத்தைக் குளியலறையில் வைத்துத் தேய்க்கிறார், அது அடிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி முட்டை ஆச்சா என்று கேட்கிறாள். வாந்தி வந்தால் உடனே தேய்க்காதே, தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறு. பல் இடுக்கில் நூல் விடச் சோம்பல்படாதே. ரத்தம் வருகிறது என்றாலே டாக்டரிடம் போக அது போதும், வலிக்கட்டும் என்று காத்திருக்காதே, எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடு. இந்த மாதங்களில் சிகிச்சை செய்துகொள்வது சௌகரியம் என்றும் ஓர்ஷி சொன்னாள்.

இன்னொன்று. நீ முரண்டு பிடித்த போதெல்லாம் உனக்காக ஒரு பல்லையே கொடுத்தவள் நான் என்று வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டியிருக்கிறேன். ஆறு வயதில் உன் முதல் பால்பல் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் விழுந்த பல்லை மூலையில் எலிக்குப் போட்டு, பதிலுக்கு இரும்புப் பல் கேட்பார்கள், நீ மட்டும் போடாமல் என் உள்ளங்கையில் வைத்து, "இத நீ வெச்சுக்கோம்மா, நான் எடுத்ததுக்கு" என்றாய். இத்தனை வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தேன். அன்று அந்த நாற்காலியிலிருந்து இறங்கும்போது அதை நினைத்துக்கொண்டேன், அழுதுவிட்டேன். வலிக்குதா அத்தை என்று பதறினாள் ஓர்ஷி. என்னை மன்னித்துவிடு.

தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பல்லை இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. ஹாலிஃபாக்ஸ் எலி நம் பேச்சு புரியாமல் விழித்தாலும் பரவாயில்லை, மூலையில் போட்டுக் குட்டிக்கு இரும்புப் பல் கேள்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் வாய் நிறையச் சிரித்து நூறு வருஷம் வாழ வேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கு, வாங்கிவிட்டு எனக்குப் போன் பண்ணு.

ஒரு பல் குறைந்தாலும் வாய் குறையாத உன் அம்மா,
எடெல்கா