சௌந்தரம் படிக்கக் கூடாத கடிதம்

சிங்கப்பூர்
4.3.2006

அன்புள்ள கொளஞ்சிக்கு,

உன் வீட்டுக்காரன் சுப்பராயலு தன் கையாலேயே எழுதுவது. அறுபத்தேழு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். காலையில் உட்கார்ந்தேன், இப்போது மணி பன்னிரண்டு. "போன் பண்ணுங்களேம்பா" என்று தன் போனை நீட்டுகிறான் இங்கே நான் தங்கியிருக்கும் நம் மகன் பாலகுமார். போனில் பேசுவதற்கா ஒன்றரை வருஷம் அண்ணாமலை நகர் முதியோர் வகுப்புக்கு நடந்து நடந்து எழுத்துப் படித்தேன்?

வந்து இறங்கியதுமே ஓர் அநியாயம். விமானத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் இங்கிலீஷில் பூர்த்தி செய்தார். கையெழுத்தை நான் போட்டேன், தமிழில், முழுப் பெயரும். இங்கே அதிகாரி அட்டையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் என் கட்டைவிரல் ரேகைதான் இருக்கிறது. அது எடுத்தபோது எனக்கு எழுதத் தெரியாதே! இரண்டும் ஒத்துப்போகவில்லையாம். மைப்பெட்டியை நீட்டினார். "எனக்கு எழுதத் தெரியும்யா" என்று கத்தினேன். கேட்கவில்லை. விரலைப் பிடித்து உருட்டிவிட்டார்.

மற்றபடி சுகம். நீ பக்கத்தில் இல்லாமல் தூக்கம்தான் வரவில்லை. உன் முதுகுச் சூடு இல்லாமல் இந்தக் குளிர் மிஷின் அறையில் எப்படிப் படுப்பது?

அன்புடன்,
சுப்பராயலு


அம்மாபேட்டை, சிதம்பரம்
18.3.2006

மாமாவுக்கு,

கொளஞ்சியக்கா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு சௌந்தரம் எழுதுவது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்மேல் கோபப்பட வேண்டாம்.

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா மாமா? எனக்கு எழுத்துத் தெரியாது, சௌந்தரம்தான் படிக்கணும்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? கொழாயடியில வெச்சிப் படிச்சா. முதுகுச் சூடுன்னு வந்ததும் பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல ஒரு கொடம் கவுந்துபோச்சி. இப்ப தெருவுல போனா, 'இன்னா கொளஞ்சி, சிங்கப்பூர்ல குளிரு ஜாஸ்தியாமே'ங்கறாளுவ.

இவ்வளவு எழுதற மனுசன், நம்ம மூத்த பொண்ணு அமிர்தம் செத்தப்ப, வேலைக்குப் போயிருந்த பினாங்குலேருந்து இன்னா எழுதச் சொன்னீங்க? நாலு வரி. 'நலம், நலமறிய ஆவல். நடந்தது நடந்துவிட்டது. மனதைத் தேற்றிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.' அஞ்சு வயசுப் புள்ள மாமா. புள்ளைய பொதைச்சிட்டு ஒக்காந்திருக்கறவகிட்ட நலமான்னா கேப்பாங்க? இருவத்தெட்டு வருசமா அந்த நாலு வரி என் நெஞ்சுல கெடக்கு."

அக்கா அழுகிறாள் மாமா. நிறுத்துகிறேன்.

சௌந்தரம்


பினாங்கு, மலேசியா
5.4.2006

அன்புள்ள கொளஞ்சிக்கு,

குழாயடியில் வைத்தா படித்தாள்? நான் உனக்கு எழுதினேனா, அம்மாபேட்டைக்கு எழுதினேனா? சௌந்தரம், இதை நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய். உன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அந்தக் காலத்தில் என்னோடு சாப்பாட்டுக்கடையில் மாவாட்டிய வைத்திலிங்கம் வீட்டில் தங்கியிருக்கிறேன். மலேசியாவுக்குள் நுழையும்போதும் மைப்பெட்டிதான். போன வாரம் வைத்தி என்னைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனான். அங்கே நான் விடவில்லை. அதிகாரியின் எதிரிலேயே ஒரு தாளில் ஏழு தடவை என் பெயரை எழுதினேன். "பார், ஏழும் ஒன்றுபோல இருக்கிறதா இல்லையா?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவரவர் பாஷையில் என்னைத் திட்டினார்கள். "யோவ், வூட்டுக்குப் போவணும்யா" என்று வைத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். மூன்று தேசத்திலும் என் விரலைத்தான் நம்புகிறார்கள்!

நேற்று பழைய கடைக்குப் போனேன். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். கல்லா இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த நாலு வரியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது சௌந்தரத்தின் வாய் வழியாக உனக்கு வரக் கூடாது. அடுத்தவர் வழியாகச் சொன்னது ஒரு தடவை போதும். நீ எழுத்துப் படி. நான் போன வகுப்பு இன்னும் நடக்கிறது. எனக்கு வந்தது உனக்கு வராதா?

சுப்பராயலு


அம்மாபேட்டை, சிதம்பரம்
20.4.2006

மாமாவுக்கு, சௌந்தரம் எழுதுவது. அக்கா சொல்வது:

"அறுவது வயசுல நான் சிலேட்டு புடிக்கணுமா? ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. நான் ஒண்ணரை வருசம் படிச்சி, அப்புறம் நீங்க எழுதி... அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருக்கணுமில்ல? இன்னும் எத்தினி வருசம் காக்க வெப்பீங்க?

ஒண்ணு செய்யிங்க. எழுதறத எழுதி அனுப்புங்க. நான் பிரிக்க மாட்டேன். சௌந்தரம் கையிலயும் குடுக்க மாட்டேன். பொட்டியில வெச்சிப் பூட்டிடறேன். நீங்க வந்து என் எதிர்ல ஒக்காந்து படிங்க. கொழாயடியில இல்ல, வூட்டுல, கதவச் சாத்திக்கினு."

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை மாமா. ஆனால் அன்றைக்குக் குழாயடியில் நாலு பேர்தான் இருந்தார்கள்.

சௌந்தரம்


சிங்கப்பூர்
7.5.2006

கொளஞ்சி,

இருபத்தேழாம் தேதி எனக்கு விமானம். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். இப்போது நான் படிக்கிறேன், நீ எதிரில் இருக்கிறாய். மெதுவாகத்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்.

அமிர்தம் போன சேதி தந்தியில் வந்தது. கல்லாவில் இருந்த கணக்குப்பிள்ளைதான் படித்துச் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறவரும் அவர்தான். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் அவரவர் கடிதத்துக்காக நின்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். "சொல்லுப்பா, இன்னா எழுதணும்?" என்றார். வாயைத் திறந்தால் ஊளையிட்டுவிடுவேன் போல இருந்தது. "நீங்களே எழுதிடுங்கய்யா" என்றேன். அந்த நாலு வரியும் அவருடையவை. அவர் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரி எழுதினார். அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் உன்னிடம் சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன் என்று எப்படிச் சொல்வது? கல்நெஞ்சுக்காரன் என்று நீ நினைத்துக்கொண்டாய். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கணக்குப்பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. என்மேலேயேதான் ஆத்திரம்.

அன்று கேட்க வேண்டியதை இன்று கேட்கிறேன். கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாய். ஆலப்பாக்கம் தாண்டியதும் போய்விட்டாள் என்று அடுத்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசியாக அவள் என்ன பேசினாள்? என்னைக் கேட்டாளா? அவளைத் தூக்கிக்கொண்டு ஒண்டியாக எப்படித் திரும்பி வந்தாய்?

இதற்குமேல் நான் எழுதவில்லை. காகிதத்தைக் கீழே வைக்கிறேன். நீ சொல், கொளஞ்சி.

சுப்பராயலு