கரண்டு போன பிறகு கிளம்பிய ராக்கெட்

ஐப்பசி 10, ஞாயிறு

இன்று வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, பொம்மைகள் ராக்கெட்டில் போகும் இங்கிலீஷ் தொடரைப் போட்டேன். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் பொம்மைகளுக்குள் மோட்டார் இருப்பதாகத் தெருவுக்கே விளக்கம் சொன்னேன். ராக்கெட் கிளம்பும்போது கரண்டு போய்விட்டது.

"அவ்வளவுதானா அண்ணாச்சி?" என்று எல்லாரும் எழுந்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

"இருங்க, மிச்சத்த நான் காட்டுதேன்" என்றாள் என் மகள் செல்வி. தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீட்டில் ஒட்டித் தர வந்த காலித் தீப்பெட்டிக் கூடுகளை அடுக்கி ராக்கெட் செய்து, நூலில் கட்டி என்னிடம் கொடுத்தாள். டிவியில் பொம்மைகளை ஆட்டிய நூலை அவள் மட்டும் கவனித்திருக்கிறாள்!

"ஏம்ப்பா நடுங்குது? ராக்கெட்டுக்குக் காய்ச்சலா?" என்றாள் செல்வி.

தெருவே சிரித்தது. அவளே எல்லாக் குரலிலும் பேசிக் கதையை ஓட்டினாள். நடுவில் கரண்டு வந்தது.

"அண்ணாச்சி, டிவிய அமத்துங்க. பிள்ள முடிக்கட்டும்" என்றார்கள் தெருக்காரர்கள்.

நான் எப்படி அமர்த்துவேன்? என் கையில் ராக்கெட் இருந்தது.