'இல்லை' என்று நீங்கள் போட்ட டிக்

கராமா, துபாய்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நிஜாம் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நலம். உங்கள் நலத்தைப் பற்றித்தான் இந்தச் சண்டை. போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் அல் ஐனுக்கு வருபவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் குடல் பரிசோதனைக்கு இன்சூரன்ஸ் மறுத்த கடிதத்தை உங்கள் வீட்டிலிருந்து பத்ருன்னிசா மச்சி எனக்கு அனுப்பினார்கள். "கம்பெனியே வேணாங்குது, கலாஸ், முடிஞ்சது" என்று சிரித்தீர்களாமே?

பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் என் வேலையே இதுதான். டாக்டர் எழுதுவதைப் படித்து, இன்சூரன்ஸுக்குப் போகும் குறியீட்டு எண்ணை, அதாவது 'கோடு' (code), போடுவது. ஒரு குறையும் இல்லாதவருக்குச் செய்யும் பரிசோதனைக்கு ஒரு கோடு. குடலில் பாலிப் என்னும் சதை வளர்ச்சியை எடுத்தவருக்குச் செய்யும் மறுபரிசோதனைக்கு வேறு கோடு. முதலாவதற்கு இன்சூரன்ஸ் பணம் கொடுப்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான். உங்களுக்குப் போன வருஷம் பெரிய பாலிப் எடுத்து, ஒரே வருஷத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். இந்தப் புதிய கிளினிக் ஃபாரத்தில் நீங்கள் எதில் டிக் போட்டீர்கள்? முன்பு பாலிப் இருந்ததா, இல்லை. குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இல்லை. அப்படியானால் நம் வாப்பா எதில் மௌத்தானார்கள்? கோடு போட்டவரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த பொய்க்குத்தான் அவர் கோடு போட்டார்.

ஏன் மறைத்தீர்கள் என்பதும் தெரியும். கவுண்டரில் ஃபாரம் வாங்கியவர் அகமது கபீர் மாமா. அவர் தங்கை மகனுக்குத்தான் உங்கள் மகள் ஃபர்ஹானாவைப் பேசியிருக்கிறோம். நோய்க் குடும்பம் என்று சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தீர்கள். நல்ல கெட்டிக்காரத்தனம்!

நேற்று நானே அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் உங்களுக்கு டெஸ்ட் முடியட்டும், நிக்காஹ் தேதியை அப்புறம் பார்ப்போம் என்றார். அது சம்மதமா, நழுவலா என்று எனக்குப் புரியவில்லை. என்னைத் திட்டுங்கள், என் வீட்டுப் படி ஏறாதீர்கள், பொறுத்துக்கொள்வேன்.

ஆனால் திங்கட்கிழமை டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். மறுபரிசோதனை என்று அவர் எழுதினால் போதும், இன்சூரன்ஸுக்குத் திரும்ப அனுப்பலாம். இனி யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை.

அல்லாஹ் உங்கள் ஆயுளை நீட்டித் தரட்டும். இந்த மாப்பிள்ளை இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார். யார் வந்தாலும், அவர் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுக்க அவளுடைய வாப்பா உட்கார்ந்திருக்க வேண்டும் காக்கா. வாப்பா இல்லாத என் நிக்காஹில் அந்த இடத்தில் நீங்கள்தானே உட்கார்ந்தீர்கள்.

கோபம் தீராத தங்கை,
ரம்ஸியா