ஓடுகிற சரக்கு

அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா? மருந்துக்கடைக்காரி மகள் இருமிக்கொண்டு திரிந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர். அப்பா படியேற வேண்டாம் என்று கட்டிலைக் கீழறைக்கு இறக்கிவிட்டோம், டிவியும் அங்கேயே போய்விட்டது, நாள் முழுக்கச் செய்திதான், எனக்குக் காது புளித்துவிட்டது. கடையில் புதுக் கண்ணாடி அலமாரி வைத்தாயிற்று. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடிய சங்கதிதான். கடிதம் வரும்வரை ராஜினாமா கொடுக்காதே என்று நேற்று சொன்னேனே, ஏன் என்று நீ கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படிக்கப் போகிறேன், என் சேமிப்பில் நூற்றுக்கு நாற்பது கடன் பத்திரத்தில் இருக்கிறதே, அது போதும் என்று சொன்னாய். அந்த நாற்பது இல்லை, கண்ணு. நூற்றுக்கு எட்டுதான் பத்திரத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் கம்பெனிப் பங்குகளில். அதுவும் இந்த வருஷம் மூன்றில் ஒரு பாகம் இறங்கிப் போயிற்று.

உன் முதல் சம்பளத்தன்று சேமிப்புக் கணக்கை என் கையில் கொடுத்துவிட்டு நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். நூற்றுக்கு அறுபது கம்பெனிப் பங்கில், நாற்பது கடன் பத்திரத்தில். பங்கு ஏறும் இறங்கும், பத்திரம் மெதுவாக வட்டி கொடுத்துக்கொண்டு கிடக்கும், விழுகிற காலத்தில் அதுதான் தாங்கும். வருஷம் ஒரு தரம், உன் பிறந்தநாளன்று, பார்க்க வேண்டும். பங்கு அறுபதைத் தாண்டியிருந்தால் தாண்டியதை விற்றுப் பத்திரத்தில் போட வேண்டும். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். முதல் பிறந்தநாளன்று பார்த்தால் பங்கு அறுபத்தெட்டுக்கு வந்திருந்தது. அதை விற்க எனக்குக் கை வரவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் செய்வது என்ன, ஓடுகிற சரக்கைக் கூட வாங்கி அடுக்குவேன், ஓடாததை ஏஜென்ட் தலையில் கட்டித் திருப்பி அனுப்புவேன். ஓடுகிற மருந்தைக் குறைத்து ஓடாததை வாங்கி வைத்தால் என்னைப் பைத்தியம் என்பார்கள். அதனால் பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்கினேன். அது இன்னும் ஏறியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷமும் அதையே செய்தேன், அதற்கடுத்த வருஷமும். நீ ஒவ்வொரு பிறந்தநாளும், "அம்மா, அறுபது நாற்பது சரியா இருக்கா?" என்று கேட்பாய். எல்லாம் சரியாக இருக்கிறது என்பேன். வாய் கூசாமல் ஆறு வருஷம் சொன்னேன். அப்பாவிடம் போன வாரம்தான் ஒப்புக்கொண்டேன். அவர் டிவியை அணைத்துவிட்டு, "பொண்ணுகிட்ட நீயே சொல்லு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடை வருமானத்தில் எனக்கென்று சேர்த்ததை முழுக்கப் பத்திரத்தில்தான் வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய்கூடப் பங்கில் போட்டதில்லை, பயம். என் பணத்துக்குப் பயந்தவள் உன் பணத்துக்குப் பயப்படவில்லை. இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அதனால் நீ பங்குகளை இந்த விலைக்கு விற்க வேண்டாம். திரும்ப ஏறும் என்று சத்தியம் செய்ய நான் யார், ஆனால் காத்திருக்க உனக்கு வயசு இருக்கிறது. படிப்புச் செலவு என் பத்திரத்திலிருந்து போகட்டும். அப்பாவுக்கும் சம்மதம். கடை இருக்கிறவரை எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதே, அந்த வீம்பு என்னிடமிருந்து வந்ததுதான், எனக்குத் தெரியும். யோசித்து, மனசுக்குச் சரி என்று பட்டால் ராஜினாமா கொடு. கணக்கின் ரகசியச் சொல்லைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், இனி நீயே பார்த்துக்கொள்.

நீ நினைத்த படிப்பைப் படித்து, நினைத்த இடத்துக்குப் போய், நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இருமல் சிரப்பை வேளை தவறாமல் குடி. பதினெட்டாம் தேதி உன் பிறந்தநாள். இந்த வருஷமும் போன் செய்து அதே கேள்வியைக் கேள், வாண்டு. ஒரு தடவையாவது உண்மையான பதிலைச் சொல்கிறேன்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அம்மா