தம்பியின் கயிறு

ஜூன் 2, ஞாயிறு

இன்று ஆலயத்தில் நாங்கள் மூவரும் அடித்த மணி சரியாக அமையவில்லை. எங்களுக்கு மணி அடிக்கச் சொல்லிக்கொடுத்த தையல்காரருக்குச் சின்ன மணி, எனக்கு நடு மணி, தம்பிக்குப் பெரிய மணி. தையல்காரர் "நிறுத்து" என்று குரல் கொடுத்தும் தம்பி, நான் நிறுத்திய பிறகுதான் நிறுத்தினான். "தூக்கமாடா?" என்றேன். "ஆமாக்கா." என்ன கேட்டேன் என்று தெரிந்துதான் சொன்னானா?

ஜூன் 4, செவ்வாய்

அவனுடைய மரப்பட்டறைக்குப் போனேன். ரம்பம் ஓடவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன், கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான்.

"எவ்வளவு நாளாடா?" வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"ஒரு வருஷமா குறைஞ்சுக்கிட்டே வருது. யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா கயித்தைப் புடுங்கிடுவாங்க."

"அப்போ மணி எப்படிடா அடிக்கிற?"

"உன் கையைப் பார்த்துதான்."

ஜூன் 9, ஞாயிறு

அடித்தோம். முடியும்வரை அவன் கண் என் கையை விட்டு நகரவே இல்லை.

ஜூன் 12, புதன்

வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் மணி புரண்டு, வாய் மேலே பார்க்க நிற்கும். மறுபக்கம் கவிழ்ந்துவிடாமல் அதைத் தாங்குவது ஒரே ஒரு மரக்கட்டை. அது முறிந்தால் மணி கயிற்றையும் இழுத்துக்கொண்டு சுற்றும். கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளையும் கூரைக்குத் தூக்கிவிடும். அதனால் யாராவது "விடு" என்று கத்தினால், ஏன் எதற்கென்று கேட்காமல் கையை விட வேண்டும். இவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

தையல்காரரிடம் சொல்லிவிடட்டுமா? சொன்னால் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லாவிட்டால் — எழுதக்கூட வரவில்லை. ஞாயிறு கழியட்டும், சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

உயிரோடு இருக்கிறான்.

ஜூன் 17, திங்கள்

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. கோடு தப்பித்தான் எழுதுகிறேன்.

நேற்று மேலே படாரென்று சத்தம். தம்பியின் கயிறு சர்ரென்று ஏறியது. "விடு! விடுடா!" தையல்காரரும் கத்தினார், நானும் கத்தினேன். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டது. கண் மட்டும் என் கையிலேயே இருந்தது.

கட்டை முறியாதவரை, ஓடும் மணியின் கயிற்றை விடவே கூடாது. நான் என் கயிற்றை விட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவனும் விட்டான், பொத்தென்று விழுந்தான். என் கயிறு சுழன்று வந்து முகத்தில் அறைந்தது.

தையல்காரர் என் மேல்தான் பாய்ந்தார். "அவன் கட்டை ஒடிஞ்சா நீ எதுக்கும்மா விட்டே?"

நான் வாயைத் திறக்குமுன் தம்பி தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "எனக்குக் காது கேட்காதுங்க."

ஜூலை 21, ஞாயிறு

தம்பியின் காதுக்குள் இப்போது சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காதுகேட்கும் கருவி. புதுக் கட்டையை அவனே செதுக்கி மாட்டினான். தையல்காரர் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, "விடு" என்று சாதாரணக் குரலில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இன்று மறுபடி மூவரும் நின்றோம். நான் கயிற்றைப் பிடிப்பதும் கையைத் துடைப்பதுமாக இருந்தேன்.

"பயமா இருக்காக்கா?"

நான் குனிந்து என் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்குடா" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"எனக்கும்" என்றான்.