ஆளுக்கு ஒரு சங்கிலி

கார்த்திகை 18, வியாழன்

ஐந்தாம் நாளாக மழை. காஹாங் பக்கம் வானமே தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனுக்கு அரிசி கொண்டுபோக முடியவில்லை. ஐந்து மைல் செம்மண் ரோடு, முழுக்கக் களி. சக்கரம் சுற்றுகிறது, லாரி நகர்வதில்லை. அக்காவும் மூன்று பிள்ளைகளும் அங்கேதான். தொழிலாளர் லயத்தில் எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்குதானாம். அதுவும் தீரப்போகிறதாம்.

சிங்கப்பூரிலிருந்து சக்கரச் சங்கிலி வருகிறது. டயர் மேல் சுற்றி மாட்டினால் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். சீக்கிரம் வரட்டும்.

19, வெள்ளி

வந்தது ஒரே ஜோடி. லாரியோ இரண்டு. அரிசிக்கு என்னுடையது, ரப்பர் ஷீட்டைக் குளுவாங் ரயிலடிக்குக் கொண்டுபோக இன்னொரு டிரைவர் அஹ்மதுடையது. ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு லாரி, ரெண்டு சங்கிலி. ஆளுக்கு ஒண்ணு. இதுல என்ன வழக்கு?"

பின்சக்கரம் இரண்டிலும் மாட்டினால்தான் வேலைக்காகும் என்றேன். டிரைவர் தனக்குப் பாடம் நடத்துகிறான் என்று சின்னக் கிராணியிடம் சொல்லிச் சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

20, சனி

ஏற்றியவை: அரிசி 30 மூட்டை, பருப்பு 2, கருவாடு 1, மண்வெட்டி, பலகை, ஒற்றைச் சங்கிலி.

இரண்டாவது மைல் ஏற்றம். சங்கிலி போட்ட சக்கரம் அசையாமல் நிற்க, போடாத சக்கரம் சும்மா சுழன்றது. பிரேக்கை மிதித்ததும் லாரியின் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு முழம்தான் மிச்சம். அப்படியே பின்னால் உருட்டிக்கொண்டு ஸ்டோருக்கே திரும்பினேன்.

அஹ்மதும் கேட் தாண்டவில்லை.

21, ஞாயிறு

மழை. இரண்டாம் டிவிஷனிலிருந்து நாலு பெண்கள் நடந்தே வந்து, முடிந்த அரிசியைத் தலையில் தூக்கிப் போனார்கள். அறுபது குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? அக்காவின் கடைசிப் பிள்ளை இரண்டு நாளாகப் பாயிலிருந்து எழவில்லையாம். பயமாக இருக்கிறது.

கிராணியிடம் அஹ்மத் சங்கிலியையும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்ஸ் வண்டிக்கு ஷீட் போயாக வேண்டுமாம். யாருக்காவது இரண்டும் கொடுப்பதென்றால் அஹ்மதுக்குத்தானாம்.

பட்டறைக்கு வந்தால் அஹ்மத் குந்தி உட்கார்ந்து தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். நான் கேட்கவே இல்லை.

"நீ போ லா, மணியம். பெராஸ் முதல்ல, அரிசி. ஷீட்டைச் சாப்பிட முடியுமா?"

22, திங்கள்

விடிந்ததும் கிளம்பினேன். இரண்டு சக்கரத்திலும் சங்கிலி. ஏற்றத்தில் ஒரே கடகட சத்தம், சேறு கூரை வரை. இரண்டு தடவை இறங்கி இறுக்கினேன். ஒரு கண்ணி தெறித்து மட்கார்டைக் கிழித்தது. வண்டி நிற்கவில்லை. பத்து மணிக்கு லயம்.

வரிசையாக நின்று மூட்டைகளை இறக்கினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். சின்னவன் கஞ்சி குடித்தான், அரை டம்ளர்.

திரும்பும்போது மறுபடி பெருமழை. இருட்டும்வரை பாதி வழியில் மாட்டிக்கொண்டேன்.

23, செவ்வாய்

தூறல். ஷீட் போகவில்லை, விடிகாலையிலேயே கூட்ஸ் வண்டி போய்விட்டது. சங்கிலியை எடுத்தது நான்தான் என்று சொல்ல ஆபீசுக்குப் போனேன். அஹ்மத் முந்திக்கொண்டான். தானே மாட்டிவிட்டதாகவும் எனக்கு உத்தரவு எதுவும் தெரியாதென்றும் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சீட்டுக் கிழித்தாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கிராணி என் முன்னால் காகிதத்தை நகர்த்தினார். "வேற டிரைவர் வர்ற வரைக்கும் ஒரு லாரிதான் ஓடும். ரெண்டு சங்கிலியும் நீயே வச்சுக்க. நீ கேட்டது இதுதானே?"

கையெழுத்துப் போடவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை பங்களா வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துரை சாப்பிடுகிறாராம். என் வேலை போனால் போகட்டும், அவனுடையது திரும்பட்டும். சொல்லப்போவது: அஹ்மத் தர மாட்டேன் என்றான், நான்தான் திருடினேன். பொய்தான். அவன் சொன்னது மட்டும் என்னவாம்.

கூப்பிடுகிறார்கள்.